தம்பி ஊருக்கு வரக்கூடாது என்று ஒரு மனு

எங்கள் பெரியம்மா மகன் அமெரிக்க மத்திய அரசுச் சிறையில் இருக்கிறான். இதைப் பற்றி எழுதட்டுமா என்று அவனையே கேட்டேன். "பேரு, ஊரு, வழக்கு நம்பர் எதுவும் போடாம எழுதுங்க அண்ணி. இதையெல்லாம் எவனாவது முன்னாடியே எழுதியிருந்தா எனக்கு உதவியா இருந்திருக்கும்" என்றான். அதனால் எழுதுகிறேன்.

பெரியம்மா என்றால் என் வீட்டுக்காரரின் அம்மாவுக்கு மூத்தவர். எண்பது வயது தாண்டியாயிற்று. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். டர்பனில் இன்றைக்கு வீட்டுக்குள் தமிழே பேசுகிற தலைமுறை அநேகமாக அவரோடு முடிகிறது. நான் மாயவரத்துப் பக்கம் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். அதனால் அவருக்கு என்னோடு பேச்சு சௌகரியம். நான் வேலை பார்ப்பது ஒரு வக்கீல் அலுவலகத்தில். வீடு கைமாற்றும் பத்திரங்கள்தான் என் வேலை, கிரிமினல் கிடையாது. ஆனால் குடும்பத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அமெரிக்காவிலிருந்து வந்த காகிதம் எல்லாம் என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பி குற்றமற்றவன் என்று சொல்ல நான் வரவில்லை. கோவிட் வந்த 2020இல் அங்கே சிறு தொழில்களுக்கு ஊழியர் சம்பளம் கொடுப்பதற்காக அரசு கடன் கொடுத்தது. சரியாகச் செலவழித்தால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று சொன்ன கடன். இவன் வைத்திருந்த சின்னக் கணினி நிறுவனத்தில் இல்லாத ஊழியர்களை எல்லாம் எழுதிக் கடன் வாங்கினான். அந்தப் பட்டியலில் ஒரு நண்பனின் பெயரையும் அடையாள எண்ணையும் அவனுக்குத் தெரியாமலே போட்டிருக்கிறான். மாட்டிக்கொண்டான். வந்த குற்றச்சாட்டு இரண்டு வகை. ஒன்று, மின்வழி மோசடி. இன்னொன்று, அடுத்தவன் அடையாளத்தைத் திருடியது. இந்த இரண்டாவதற்கு மற்ற தண்டனைக்கு மேல் கட்டாயமாக இரண்டு வருடம், அதுவும் ஒன்று முடிந்த பிறகு ஒன்றாக அனுபவிக்க வேண்டும். நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது.

வக்கீல் அரசுத் தரப்போடு பேசி முடித்தார். மோசடியை ஒப்புக்கொள், அடையாளத் திருட்டைக் கைவிடுகிறோம் என்றார்கள். இவனும் ஒப்புக்கொண்டான். 41 மாதம். அந்த நாட்டில் மத்திய வழக்குகளில் வரும் தண்டனைகளில் நூற்றுக்கு 97 இப்படி ஒப்புக்கொண்டு வருபவைதான் என்று அவர்கள் உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறது. சினிமாவில் வருவது போல ஜூரி முன்னால் வாதாடுவதெல்லாம் மிச்சம் மூன்று பேருக்கு.

இது வரைக்கும் பெரியம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. "தப்புப் பண்ணான், அனுபவிக்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சிக்கல் சிறைக்குள் போன பிறகு வந்தது. அவன் அமெரிக்கக் குடிமகன் இல்லை, கிரீன் கார்டுக்காரன். தண்டனை முடிந்ததும் எங்களிடம் ஒப்படையுங்கள் என்று குடிவரவுத் துறை சிறைக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தது. மோசடியில் ஏற்பட்ட நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டினால் குடிவரவுச் சட்டத்தில் அது கடும் குற்ற வகைக்குள் போய்விடுகிறது. அப்புறம் நாடு கடத்தல் ஏறக்குறைய நிச்சயம். திரும்ப உள்ளே வருவதற்கும் ஆயுள் முழுக்கத் தடை. அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கேயே பிறந்தவர்கள். "கிரீன் கார்டுக்கு ஒண்ணும் ஆகாது, ரொம்ப வருஷமா இருக்கீங்க" என்று வக்கீல் தன்னிடம் சொன்னதாக அவன் சொல்கிறான். அந்த வக்கீல் யார், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம்.

அவன் அழுதுகொண்டு போன் பண்ணின அன்றைக்குப் பெரியம்மா முகத்தை நான் பார்த்தேன். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனுஷி அவர். "அப்ப இங்க அனுப்பிடுவாங்களா?" என்று மூன்று தரம் கேட்டார்.

அவனுக்கு அங்கேயே இருக்க வேண்டும், பெரியம்மாவுக்கு அவன் இங்கே வர வேண்டும். எங்கள் வீட்டுச் சண்டை அங்கே ஆரம்பித்தது.

மத்திய சிறைக் கைதிகள் "இருபத்திரண்டு ஐம்பத்தைந்து" என்று ஒரு மனுவைச் சொல்வார்கள். அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 28ஆம் தலைப்பில் 2255ஆம் பிரிவு. மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகு, அல்லது தம்பி மாதிரி மேல்முறையீடே போகாமல் விட்ட பிறகு, என் தண்டனை அரசியல் சட்டத்துக்கு விரோதமாக வந்தது, ரத்து செய்யுங்கள் என்று கேட்கிற மனு அது. 1948இல் வந்த சட்டம். அதற்கு முன்னால் கைதிகள் ஆட்கொணர்வு மனுவைத் தாங்கள் அடைபட்டிருக்கிற ஊர் நீதிமன்றத்தில் போடுவார்கள். பெரிய சிறைகள் இருந்த சில மாவட்ட நீதிமன்றங்களில் மனு குவிந்து, சாட்சியும் ஆவணமும் எங்கேயோ தூரத்தில் கிடந்து, வேலை நடக்கவில்லை. அதனால் தண்டனை கொடுத்த நீதிமன்றத்துக்கே போ என்று மாற்றினார்கள். நீதிமன்றம் மட்டும் இல்லை, வழக்கமாக அதே நீதிபதியிடமே போகும். இதைச் சொன்னபோது பெரியம்மா, "வெட்டுனவன் கிட்டயே போய்க் கட்டுப் போடச் சொல்லுதா?" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் படிக்கப் படிக்க இதில் ஒரு நியாயம் தெரிகிறது. மனு தீர்ப்பைத் திட்டவில்லை. வக்கீல் என் காதில் என்ன சொன்னார் என்பது நீதிபதிக்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை. இப்போது கேளுங்கள் என்கிறது, அவ்வளவுதான்.

கெடு ஒரு வருடம். 1996இல் கிளின்டன் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டத்தில் வந்த கெடு. எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் விழுகிறார்கள். மேல்முறையீடு போகவில்லை என்றால், தீர்ப்பு பதிவான நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கான 14 நாள் கழிந்ததும் ஒரு வருடம் ஓட ஆரம்பிக்கும். மேல்முறையீட்டில் தோற்று உச்ச நீதிமன்றம் போகவில்லை என்றால் அதற்குரிய 90 நாள் கழிந்த பிறகு. நாடு கடத்தல் தாள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணலாமே என்றால், உண்மையைத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய நாளிலிருந்து என்று ஒரு கிளை இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. நீ அக்கறையாக விசாரித்திருந்தால் முன்பே தெரிந்திருக்குமே என்று அரசுத் தரப்பு கேட்கும். இங்கே எங்கள் அலுவலகத்தில் கிரிமினல் பார்க்கிறவர் மேசையிலும் 14 நாள் கெடு உண்டு, மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்க. தவறிவிட்டால் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்பார்கள், காரணம் சரியாக இருந்தால் கிடைக்கும். அங்கேயும் அசாதாரணமான சூழ்நிலைக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் எனக்குச் சட்டம் தெரியாது, என் வக்கீல் சொல்லவில்லை என்பதெல்லாம் அசாதாரணத்தில் சேராது.

தம்பிக்குக் கெடு இருக்கிறது என்பதே சிறை நூலகத்தில் ஒரு பழைய கைதி சொல்லித்தான் தெரியும். சட்டம் படிக்காமலே சட்டம் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஆட்கள் ஒவ்வொரு சிறையிலும் இருக்கிறார்களாம். அதைச் சிறை நிர்வாகம் முற்றாகத் தடை செய்யக் கூடாது என்று 1969இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, வேறு உதவி எதுவும் கொடுக்காத வரைக்கும். இந்த மனுவுக்கு அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை கிடையாது என்பதால் அந்த ஆட்கள்தான் பலருக்குக் கதி. ஒரு நல்ல விஷயம், நீதிமன்றக் கட்டணம் இல்லை. இன்னொரு நல்ல விஷயம், சிறை ஊழியர் கையில் தபாலைக் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கணக்கு. 1988இல் வந்த தீர்ப்பு. உறை நீதிமன்றத்துக்கு எப்போது போய்ச் சேர்கிறது என்பது கைதியின் கவலை இல்லை. கொடுத்த நாளை எழுதி உறுதிமொழி போட்டால் போதும்.

இதற்கிடையில் இணையத்தில் ஒரு கூட்டம் எங்களைக் கண்டுபிடித்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன். சில ஆயிரம் டாலர் கொடுங்கள், பதினாலு காரணம் போட்டு மனு எழுதித் தருகிறோம் என்றார்கள். என் நாத்தனார் பணம் கட்டக் கிளம்பிவிட்டாள். நான் தடுத்தேன். அந்தச் சண்டையில் ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. எனக்குச் சட்டம் தெரியும் என்பதால் தடுக்கவில்லை. பதினாலு காரணம் இருக்கிற வழக்கு என்று எதுவும் இருக்க முடியாது என்பது பத்திரம் பார்க்கிறவளுக்கே தெரியும். தவிர, இதில் இரண்டாவது வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. இரண்டாவது மனு போட மேல்நீதிமன்றத்தில் முன்அனுமதி வேண்டும். அதற்கு, குற்றவாளி இல்லை என்று தெளிவாகக் காட்டுகிற புதிய ஆதாரம் வேண்டும், இல்லாவிட்டால் பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் ஆக்கிய புதிய அரசியல் சட்ட விதி வேண்டும். ஜோன்ஸ் எதிர் ஹென்ட்ரிக்ஸ் என்ற 2023 வழக்கைப் படித்துப் பாருங்கள். மார்க்கஸ் ஜோன்ஸ், ஏற்கெனவே பெருங்குற்றத் தண்டனை பெற்றிருந்தும் துப்பாக்கி வைத்திருந்ததற்காக 2000இல் தண்டனை பெற்றவர். துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ள வகையைச் சேர்ந்தவன் தான் என்பது அந்த ஆளுக்குத் தெரியும் என்று அரசு நிரூபித்தாக வேண்டும் என 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கு வேறு பொருள் சொன்னது. இவர் திரும்ப வந்து கேட்டார். நீ ஏற்கெனவே ஒரு 2255 போட்டுவிட்டாய், இது சட்டப் பிரிவுக்குச் சொன்ன பொருள்தான், அரசியல் சட்ட விதி இல்லை, போ என்று ஆறுக்கு மூன்று என்று முடித்துவிட்டார்கள். குற்றமே இல்லாத ஒன்றுக்காக ஒருவர் உள்ளே இருந்தாலும் கதவு திறக்காது என்பது அநியாயம் என்று எழுதிய அந்த மூன்று நீதிபதிகள் பக்கம்தான் நான். ஆனால் சட்டம் ஆறு பேர் பக்கம்.

ஆகவே தம்பி மனுவில் ஒரே காரணம். வக்கீல் தவறான ஆலோசனை கொடுத்தார், அதை நம்பி ஒப்புக்கொண்டேன்.

இதற்கு அடித்தளம் போட்டது 2010இல் பாதில்லா வழக்கு. வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகச் சண்டை போட்டவர், நாற்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவர், லாரியில் கஞ்சாவோடு பிடிபட்டார். ரொம்ப வருடம் இருக்கிறாய், கவலைப்படாதே என்று அவர் வக்கீலும் சொல்லியிருந்தார். நாடு கடத்தல் தெளிவாக வரும் என்றால் அதைச் சரியாகச் சொல்வது வக்கீல் கடமை என்றது நீதிமன்றம். ஆனால் வக்கீல் சொதப்பினார் என்பது மட்டும் போதாது. 1984இல் வந்த ஸ்ட்ரிக்லண்ட் தீர்ப்பின்படி இரண்டு காலில் நிற்க வேண்டும். அவர் வேலை தரம் கெட்டது என்பது ஒன்று, அதனால் முடிவு மாறிப்போனது என்பது இன்னொன்று. சரியாகச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்று காட்ட வேண்டும்.

எல்லாரும் வழுக்குகிற இடம் அந்த இரண்டாவது கால்தான். சிறையில் உட்கார்ந்துகொண்டு நான் அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஜே லீ என்ற கொரியர் வழக்கு 2017இல் வந்தது. 13 வயதில் பெற்றோரோடு போனவர், மெம்ஃபிஸில் உணவகம் நடத்தினவர், போதை மாத்திரை வழக்கில் ஒப்புக்கொண்டார். வழக்கில் ஜெயிக்க அவருக்கு ஏறக்குறைய வாய்ப்பே இல்லை. அப்படியிருக்க, ஒப்புக்கொள்ளாமல் விட்டிருப்பேன் என்பதை எப்படி நம்புவது? பின்னால் சொல்வதை நம்பாதே, அந்தக் காலத்திலேயே இருந்த ஆதாரத்தைப் பார் என்றது நீதிமன்றம். நாடு கடத்தப்படலாம் என்று நீதிபதி சொன்னபோது அது உன் முடிவைப் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறார் லீ. எப்படி என்று கேட்டதும் புரியாமல் வக்கீலைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். இது வழக்கமாகச் சொல்கிற எச்சரிக்கைதான் என்று வக்கீல் சமாளித்திருக்கிறார். அந்தப் பதிவு அவரைக் காப்பாற்றியது.

தம்பி வழக்கில் நீதிமன்றப் பதிவை நாங்கள் வாங்கிப் பார்த்தோம். நீதிபதி எச்சரித்திருக்கிறார். குடிமகன் இல்லாத ஒருவர் ஒப்புக்கொள்ளும்போது நாடு கடத்தப்படலாம் என்று சொல்ல வேண்டும் என்பது 2013 டிசம்பரிலிருந்து விதி. புரிகிறதா என்று கேட்டிருக்கிறார். புரிகிறது என்று இவன் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். லீ மாதிரி திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அப்புறம்தான் பெரியம்மாவின் போன் ஞாபகம் வந்தது.

அவருக்கு வாட்ஸ்ஆப்பில் எதையும் அழிக்கத் தெரியாது. மாரியம்மன் கூழ் ஊற்றின படம், அம்கெனி ரோடு கோயில் காவடிப் படம், யாரோ அனுப்பின காலை வணக்கம் என்று எல்லாம் அப்படியே இருக்கும். தேடிக்கொண்டே பின்னால் போனேன். ஒப்புக்கொள்வதற்கு முந்தின வாரத்தில் தம்பி அனுப்பின குரல் செய்தி கிடைத்தது. எங்கள் டர்பன் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசியிருக்கிறான். "அம்மா, கிரீன் கார்டைப் பத்திக் கேட்டுட்டேன், அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு லாயர் சொல்றார். அதுல கை வைப்பாங்கன்னா நான் கையெழுத்தே போட மாட்டேன், கேஸ் நடத்திருவேன், பிள்ளைங்களை விட்டுட்டு நான் எங்க போவேன்" என்று தெளிவாக இருந்தது. தேதியும் நேரமும் பக்கத்திலேயே.

இதைவிட நல்ல ஆதாரம் அவனுக்கு எங்கும் கிடைக்காது. ஆனால் இருந்தது அவன் திரும்பி வர வேண்டும் என்று விளக்கேற்றிக்கொண்டிருக்கிற அம்மாவின் போனில்.

சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "அவனை அங்கயே நிறுத்தி வைக்கிறதுக்கு நான் சாட்சியா?" என்றார். என் வீட்டுக்காரர் அவர் பக்கம். வயசான காலத்தில் அம்மாவுக்கு ஒரு பிள்ளை, இங்கே வந்தால் வேலைக்கா பஞ்சம், பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்றார். நாத்தனார் மறுபக்கம். பிள்ளைகள் அப்பா இல்லாமல் வளரணுமா என்றாள். இரண்டு பேரும் பேசியது சரிதான். இதில் நடுவில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கெடு நின்று கேட்காது. இதில் இன்னொரு கூத்து. மனுவில் ஜெயித்தால் தம்பி விடுதலை ஆவான் என்றே எங்கள் வீட்டில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை. ஒப்புதல் ரத்தானால் வழக்கு ஆரம்பத்துக்குப் போகும். கைவிட்ட அடையாளத் திருட்டு திரும்ப உயிர் பெறலாம், அதற்குரிய கட்டாய இரண்டு வருடமும் சேர்ந்து. ஜூரி முன்னால் தோற்றால் இப்போதைய 41 மாதத்தைவிடக் கூட வரலாம். நாடு கடத்தலும் மறுபடி வரலாம். நஷ்டக் கணக்கை வேறு மாதிரி வைத்தோ, வேறு குற்றத்தை ஒப்புக்கொண்டோ குடிவரவுக்குப் பாதகமில்லாத ஒப்பந்தம் ஒன்றைத் திரும்பப் பேச முடிந்தால்தான் இதில் லாபம். இதை மின்னஞ்சலில் அவனுக்கு எழுதினேன். சிறை மின்னஞ்சலில் படம், கோப்பு எதுவும் இணைக்க முடியாது, வெறும் எழுத்துதான். தெரியும் அண்ணி, யோசித்துவிட்டேன் என்று பதில் வந்தது.

பெரியம்மா சில நாள் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் அவரே கூப்பிட்டார். செய்தியைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். "ஆமா, சொன்னான். சொன்னதைச் சொல்லலைன்னு நான் எப்படிச் சொல்ல?" என்றார். பிறகு ஒரு நிபந்தனை. என் விருப்பமும் அதில் இருக்க வேண்டும் என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் மகன் இன்ன தேதியில் இப்படிச் சொன்னான், செய்தி இந்தப் போனில் இருக்கிறது. கடைசியில் அவர் கேட்ட வரி: "என் மகன் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பி வந்து என்னோடு இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்." இது மனுவுக்கு எதிராகப் போகுமே என்று என் வீட்டுக்காரர்கூடச் சொன்னார். அவர் அசையவில்லை.

அமெரிக்க நீதிமன்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து எழுதும் வாக்குமூலத்துக்குச் சான்றுறுதி அதிகாரி தேவையில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டப்படி, பொய் என்றால் தண்டனைக்கு உட்பட்டு, இது உண்மை என்று ஒரு வரி எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டால் போதும். இதைப் பெரியம்மா நம்பவில்லை. இங்கே எந்தப் பிரமாணப் பத்திரம் என்றாலும் காவல் நிலையத்துக்குப் போய் முத்திரை குத்துவதுதான் வழக்கம், காசும் கிடையாது. முத்திரை இல்லாத காகிதத்தை எவன் மதிப்பான் என்று வரிசையில் போய் நின்றார். கையெழுத்துத் தமிழில். அந்தக் காவலர் இளம் பெண், ஜூலுக்காரி, அந்த எழுத்தைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாள்.

போனை மாற்றாதீர்கள், செய்தியை வேறு எவருக்கும் அனுப்பி அனுப்பிக் குழப்பாதீர்கள், மூலம் அப்படியே இருக்கட்டும். இதே நிலையில் இருக்கிற எவருக்காவது உதவும் என்று சொல்கிறேன். நாங்கள் ஒலிப்பதிவை ஒரு பிரதி எடுத்து, பேச்சை முழுசாக எழுதி, வாக்குமூலத்தோடு அவன் மனைவிக்கு அனுப்பினோம். அவள் அச்சடித்துச் சிறைக்கு அனுப்பினாள். கெடுவுக்குச் சில வாரம் இருக்கும்போது மனு சிறைத் தபாலில் போனது.

தேறாது என்று தெரிகிற மனுக்களை நீதிபதி படித்துப் பார்த்துவிட்டு அரசுத் தரப்பைக்கூடக் கேட்காமல் தள்ளிவிடலாம். தம்பி மனுவுக்குப் பதில் கேட்டார். பதிலோடு பழைய வக்கீலின் வாக்குமூலமும் வந்தது. வக்கீல் சரியில்லை என்று குற்றம் சொன்ன கணத்திலேயே அவருக்கும் நமக்கும் இருந்த ரகசியக் காப்பு அந்த விஷயத்தில் போய்விடுகிறது. அவர் வாயைத் திறக்கலாம். திறந்தார். குடிவரவு வக்கீலைப் பார்க்கும்படி நான் பொதுவாகச் சொன்னேன், ஒன்றும் ஆகாது என்று சொல்லவே இல்லை என்று எழுதியிருந்தார். படித்த தம்பி அன்றைக்குப் போனில் அதிகம் பேசவில்லை. பதினைந்து நிமிடத்தில் தானாகத் துண்டிக்கிற போன்தான், இருந்தாலும் அதற்கு முன்பே வைத்துவிட்டான்.

ஆனால் ஒருவர் சொன்னேன் என்கிறார், ஒருவர் சொல்லவில்லை என்கிறார் என்றால் காகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நீதிபதி நேரடி விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணை என்று வந்துவிட்டால் வசதியில்லாத கைதிக்கு வக்கீல் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அரசு செலவில் ஒரு பெண் வக்கீல் வந்தார். காகிதம் எல்லாம் படித்துவிட்டு எனக்கு எழுதினார். பெரியம்மாவின் அந்தக் கடைசி வரியை எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். தொடவே தொடாதீர்கள் என்றார். தாய் மகனுக்காகப் பொய் சொல்வாள் என்றுதான் அரசுத் தரப்பு கேட்கும், இந்தத் தாய் அவன் ஜெயிக்கக் கூடாது என்று நினைக்கிறவர், அதையும் எழுதிவிட்டே உண்மையைச் சொல்கிறார், எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்றார்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்ப நான் எழுதாம விட்டிருக்கணுமோ?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா நிஜமாகவா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

விசாரணைத் தேதி இன்னும் குறிக்கவில்லை. காணொளியில் அவரைக் கேட்க அனுமதி வாங்கப் பார்ப்பதாக வக்கீல் சொல்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரத்துக்கு முன்னால் முடியுமா என்று பெரியம்மா என்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். கேட்டு எழுதியிருக்கிறேன். தோற்றால் மேல்நீதிமன்றம் போகவும் முதலில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அதைப் பற்றித் தேவைப்பட்டால் எழுதுகிறேன்.